கதைக்கு மதிப்பெண்ணா, பிழைக்கு மதிப்பெண்ணா? மாணவர் கதைகளை மதிப்பிடும் ஐந்து முறைகள்

ஆறாம் வகுப்பில் தமிழாசிரியர் கரும்பலகையில் ஒரு வரி எழுதிப் போடுகிறார்: “பேருந்து கிளம்பிய பிறகுதான் தம்பி ஏறவில்லை என்று தெரிந்தது.” இங்கிருந்து கதையைத் தொடர வேண்டும். வந்து சேரும் தாள்களில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டையும் சிறிய அளவில் நாமே அமைத்துக்கொள்வோம்.

முதல் தாள்: “நான் கத்துனேன் கண்டக்டர் காதுல விழல. அம்மாவுக்கு தெரிஞ்சா அடிப்பாங்கன்னு பயந்தேன். அடுத்த ஸ்டாப்புல எரங்கி திரும்பி ஓடினேன். தம்பி அங்கயே நின்னான் அழுவல. கைல என் ஒத்த செருப்பு இருந்துச்சு. ஏறும்போது கழண்டுருச்சுன்னு அப்பதான் தெரிஞ்சிது.”

இரண்டாம் தாள்: “நாங்கள் காலையில் எழுந்து பல் துலக்கிக் குளித்து உணவு உண்டு பேருந்து நிலையத்திற்குச் சென்றோம். பேருந்து வந்தது. அனைவரும் ஏறினோம். தம்பி ஏறவில்லை. நடத்துநரிடம் கூறினோம். அவர் பேருந்தை நிறுத்தினார். தம்பி ஏறினான். அனைவரும் மகிழ்ச்சியாக ஊருக்குச் சென்றோம். நீதி: எதிலும் கவனம் தேவை.”

இரண்டாம் தாளில் திருத்த ஒன்றுமில்லை. முதல் தாளின் 27 சொற்களில் 16இல் சிவப்பு மை படும். ஆனால் அந்த 16இல் ரகர றகர மயக்கம் ‘எரங்கி’ ஒன்றில்தான். மற்றதெல்லாம் பேச்சு வழக்கை அப்படியே எழுதியது. நிறுத்தற்குறி இரண்டு இடத்தில் இல்லை, ஒற்று இரண்டு இடத்தில் விடுபட்டிருக்கிறது. கதையாகப் படித்தால் நிலைமை தலைகீழ். முதல் தாளில் பிள்ளை சிக்கலைத் தானே சுமக்கிறாள், பயப்படுகிறாள், ஓடுகிறாள். தம்பி ஏன் ஏறவில்லை என்பதற்குக் கடைசி இரண்டு வரியில் பதில் இருக்கிறது. இரண்டாம் தாளில் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. நடத்துநர் வண்டியை நிறுத்தினார், முடிந்தது.

பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் எந்தத் தாளுக்குக் கூடுதலாக விழும் என்பது வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். கதை சொல்லத் தெரிந்த பிள்ளை ‘தமிழ் வராது’ என்ற முடிவோடு வீட்டுக்குப் போகிறாள். ஆகவே எந்த மதிப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அதனிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: முதல் தாளில் இருக்கும் கதை இந்த முறையின் கண்ணில் படுமா? வேலை நேரம், நடுநிலை, பதிவேட்டு வசதி எல்லாம் அதற்கு அடுத்தவை.

முறைக்கு முன்னால் வினா

முறையைப் பற்றி ஆசிரியர்கள் மணிக்கணக்கில் பேசிவிட்டு, வினாவை இரண்டு நிமிடத்தில் எழுதிவிடுகிறார்கள். வினா தவறானால் எந்த முறையும் கைகொடுக்காது.

‘மழைநாள்’ என்று தலைப்பு மட்டும் கொடுத்தால் வருணனை வரும். ‘நேர்மை’ என்று கொடுத்தால் அறிவுரைக் கட்டுரை வரும்; முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்புகளும் கூடவே வரும். ‘காகம் – தாகம் – குடம் – கற்கள்’ என்று குறிப்பு கொடுத்து விரித்தெழுதச் சொன்னால் 40 தாளிலும் ஒரே கதை. அது நினைவாற்றலையும் வாக்கிய அமைப்பையும் சோதிக்குமே தவிர, கதை கட்டும் திறனைச் சோதிக்காது. ஒற்றைப் படம் கொடுத்தால் “படத்தில் ஒரு மரம் உள்ளது, ஒரு கிணறு உள்ளது” என்று பட்டியல் வரும். பத்தாம் வகுப்புத் தேர்வில் காட்சியைக் கண்டு கவினுற எழுதச் சொல்லும் வினா உண்டு. வருணனைக்கும் கவிதைக்கும் அது பொருத்தமானது. கதைத்திறன் அதில் வெளிப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியாகாது.

கதையை வரவழைக்கும் வினாவில் மூன்று இருக்க வேண்டும்: ஓர் ஆள், ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஒரு சிக்கல், எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பழகிய ஒரு சூழல். மேலே உள்ள பேருந்து வரியில் மூன்றும் உள்ளன. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, வரிசையான நான்கு படக் கட்டங்கள் கொடுத்து நான்காவது கட்டத்தை வெறுமையாக விடலாம். முடிவைப் பிள்ளையே உண்டாக்குவாள். சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத் தொடர்கட்டுரைக்கு ஒரு தலைப்பும் மூன்று படங்களும் தருகிறார்கள். படங்களில் ஒன்றையாவது பயன்படுத்திக் குறைந்தது 150 சொல் எழுத வேண்டும். தலைப்பு மட்டும் தருவதைவிட இது நல்லது, பிள்ளை பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது.

நேரத்துக்கு ஆஸ்திரேலியாவின் நாப்லான் என்ற தேசியத் தேர்வின் பிரிவினையைக் கடன் வாங்கலாம். அங்கே தொடக்கத்தில் எழுத்துத் தேர்வின் 40 நிமிடம் திட்டமிட 5, எழுத 30, திருத்த 5 என்று பிரிக்கப்பட்டிருந்தது. நம் பாடவேளைக்கு அது ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். கடைசி 5 நிமிடத்தைக் கட்டாயமாக்குங்கள். அந்த நேரத்தில் பேனாவின் நிறத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னால், பிள்ளை தானே திருத்தியது தனியாகத் தெரியும்.

முறை 1: ஒட்டுமொத்த மதிப்பெண்

தாளை ஒரு முறை படித்து ஒரே எண் போடுவது. தாளுக்கு 2 நிமிடம் என்றால் 40 தாளுக்கு 80 நிமிடம். இதைவிட வேகமான முறை கிடையாது, அதனால்தான் எங்கும் இதுவே நடக்கிறது.

இதன் பலவீனம் நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்ததுதான். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் இரண்டு ஆங்கிலத் தேர்வுத் தாள்களைப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பியதில் ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரையும், மற்றதற்கு 50 முதல் 97 வரையும் மதிப்பெண் வந்தது. 1961இல் பால் டீடரிக்கும் உடன் ஆய்வாளர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஆசிரியர், எழுத்தாளர், வழக்கறிஞர், வணிகர் எனப் பலரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். கட்டுரைகளில் 94 விழுக்காட்டுக்கு ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு தரங்கள் விழுந்தன. ஐந்துக்குக் குறைவான தரங்கள் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை.

அந்த ஆய்வில் இன்னும் பயனுள்ளது, ஏன் இப்படி ஆனது என்பதற்கான விளக்கம். மதிப்பிட்டவர்கள் மனம்போன போக்கில் போடவில்லை. அவர்களுக்குள் ஐந்து அணிகள் இருந்தன: கருத்தைப் பார்ப்பவர்கள், மொழிப்பிழையைப் பார்ப்பவர்கள், ஒழுங்கமைப்பைப் பார்ப்பவர்கள், சொல்லாட்சியைப் பார்ப்பவர்கள், எழுத்தின் சுவையைப் பார்ப்பவர்கள். நம் ஆசிரியர் அறையிலும் இந்த ஐவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒட்டுமொத்த எண் இவர்களில் யார் பேனா பிடித்தார் என்பதைக் காட்டுமே தவிர, பிள்ளை எப்படி எழுதினாள் என்பதைக் காட்டாது.

இந்த முறையையே வைத்துக்கொள்ள வேண்டிய நிலை இருந்தால், மாதிரித் தாள்கள் இல்லாமல் தொடாதீர்கள். சென்ற ஆண்டுத் தாள்களில் 3, 5, 7, 9 மதிப்பெண்ணுக்கு ஒன்று வீதம் எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். ஒவ்வொரு புதிய தாளையும் ‘இது எதற்கு அருகில்?’ என்று கேட்டுப் போடுங்கள். மாதிரிகளில் ஒன்றாவது மேலே கண்ட முதல் தாளைப் போல, பிழை மிகுந்தும் கதை நன்றாக அமைந்ததுமாக இருக்கட்டும்.

முறை 2: கூறுவாரி மதிப்பீடு

கதையைச் சில கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண் போடுவது. ரூப்ரிக் என்று பயிற்சிகளில் சொல்வது இதைத்தான். நாப்லான் 2008இல் தொடங்கியபோது கதை எழுத்துக்குப் பத்துக் கூறுகள் வைத்தார்கள்: வாசகர் 6, அமைப்பு 4, கருத்து 5, மாந்தரும் களமும் 4, சொல்வளம் 5, இணைப்பு 4, பத்தி 2, வாக்கியம் 6, நிறுத்தற்குறி 5, எழுத்துக்கூட்டல் 6, மொத்தம் 47. இதில் எழுத்துக்கூட்டலின் பங்கு எட்டில் ஒன்றுதான்.

பத்துக் கூறு நமக்கு வேண்டாம். தாளுக்கு 8 முதல் 10 நிமிடம் பிடித்தால் ஒரு வகுப்புக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதிக்குப் பிறகு எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் விழத் தொடங்கும். நான்கு கூறு, 20 மதிப்பெண், தாளுக்கு 5 நிமிடம் என்று வைத்தால் 40 தாளுக்கு 200 நிமிடம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நாம் பரிந்துரைக்கும் பிரிவு: கதைக்கட்டு 6, மாந்தரும் களமும் 5, நடை 5, எழுத்துமுறை 4.

கதைக்கட்டின் படிகளை எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘மிகச் சிறப்பு, சிறப்பு, சுமார்’ என்று எழுதினால் அது ஒட்டுமொத்த மதிப்பெண்தான், கட்டம் மட்டும் போட்டிருக்கிறது. தாளில் கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும்:

1 – வாக்கியங்கள் உள்ளன, எதுவும் நடக்கவில்லை.
2 – நிகழ்வுகள் அடுத்தடுத்து வருகின்றன, சிக்கல் இல்லை.
3 – சிக்கல் உண்டு. தானாகவோ வேறொருவராலோ உடனே தீர்ந்துவிடுகிறது.
4 – சிக்கலைத் தீர்க்க மாந்தர் ஏதாவது செய்கிறார். அதன் விளைவு சொல்லப்படுகிறது.
5 – ஒரு நிகழ்வு அடுத்ததற்குக் காரணமாகிறது. முடிவு தொடக்கச் சிக்கலுக்குப் பதில் தருகிறது.
6 – ஐந்தில் உள்ளதோடு, எதை விரிப்பது எதைச் சுருக்குவது என்பதும் பிள்ளையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இந்தப் படிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. குழந்தைகள் கதையை எப்படிக் கட்டுகிறார்கள் என்று ஆராய்ந்த ஸ்டைன், கிளென் இருவரும் 1979இல் கதையின் உறுப்புகளாகச் சொன்னவை: களம், தொடக்க நிகழ்வு, மாந்தரின் உள்ளத்தில் எழுவது, முயற்சி, விளைவு, அதற்கான எதிர்வினை. நம் பிள்ளைகளின் தாளில் பெரும்பாலும் விடுபடுபவை மூன்றாவதும் நான்காவதும். சிக்கல் வரும், தீரும். நடுவில் யாரும் எதையும் நினைப்பதில்லை, முயல்வதில்லை. படி 3க்கும் 4க்கும் இடையிலான கோடு அதற்காகவே போடப்பட்டது.

நடை என்ற கூறைத் தமிழின் இயல்பை வைத்தே எழுத வேண்டும். சின்னப் பிள்ளைகள் ‘அப்புறம்’, ‘பிறகு’ என்று கோக்கிறார்கள். அடுத்து வினையெச்சங்களை அடுக்குகிறார்கள்: எழுந்து, துலக்கி, குளித்து, உண்டு. அதையும் தாண்டிய வளர்ச்சி ‘வந்ததும்’, ‘வருவதற்குள்’, ‘வந்திருந்தால்’, ‘வந்தாலும்’ என்று காலத்தையும் காரணத்தையும் சொல்லுக்குள்ளேயே கட்டும்போது தெரியும். முதல் தாளில் ‘ஏறும்போது… அப்பதான்’ என்று வருகிறதே, அது பெரிய எட்டு. உவமைக்கும் பழமொழிக்கும் தனி மதிப்பெண் வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த பருவத்தில் எல்லாக் கதையிலும் நிலவு போன்ற முகம் வந்துவிடும். இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டு எழுத்தை ஆசிரியரே மதிப்பிடுகிறார். அங்கே 2016இல் எல்லாக் கூறுகளும் இருந்தாக வேண்டும் என்ற கண்டிப்பான பட்டியல் வந்தபோது, பிள்ளைகள் பட்டியலை நிரப்பவே எழுதுகிறார்கள் என்ற குறை வலுத்தது. 2018இல் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தினார்கள்.

எழுத்துமுறைக்கு 4தான். மயங்கொலி, ஒற்று, நிறுத்தற்குறி, பேச்சு வழக்கு எல்லாம் இதற்குள் அடங்கும். இங்கே குறைத்ததை நடையில் மறுபடி குறைக்கக் கூடாது. உரையாடலுக்குள் வரும் பேச்சு வழக்குக்கு எங்கும் குறைக்கக் கூடாது. “போயிட்டு வரேன்” என்று மேற்கோளுக்குள் எழுதும் பிள்ளை சரியாகத்தான் எழுதுகிறது. கதைசொல்லியின் குரலே பேச்சு வழக்கில் இருந்தால் என்ன செய்வது என்பதைப் பள்ளி முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை குறைக்காமல் விடுவதும், ஆறிலிருந்து எழுத்துமுறையில் அதிகபட்சம் 1 குறைப்பதும் நம் பரிந்துரை. திரும்பத் திரும்ப வரும் ஒரே பிழையை ஒரு முறைதான் எண்ண வேண்டும். 16 சிவப்புக் கோடுகள் 16 பிழைகள் அல்ல.

இந்த அட்டவணையில் நம் இரண்டு தாள்களையும் வைத்துப் பார்ப்போம். முதல் தாள்: கதைக்கட்டு 5, மாந்தரும் களமும் 3, நடை 3, எழுத்துமுறை 1, மொத்தம் 12. இரண்டாம் தாள்: 3, 1, 2, 4, மொத்தம் 10. இடைவெளி சிறியது, அது பரவாயில்லை. பெரிய பயன், இரண்டு பிள்ளைகளுக்கும் நாளை சொல்லித் தர வேண்டியது வெவ்வேறு என்று நான்கு எண்களும் காட்டிவிடுவதுதான். முதல் பிள்ளைக்கு எழுத்து வழக்குப் பயிற்சி. இரண்டாம் பிள்ளைக்கு ‘நடத்துநர் நிறுத்த மறுத்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?’ என்ற ஒரு கேள்வி.

முறை 3: இணை ஒப்பீடு

இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்து ‘எது நல்ல கதை?’ என்று மட்டும் கேட்பது. எண் போட வேண்டாம். பல ஆசிரியர்கள் பல இணைகளைப் பார்த்த பின், வெற்றிகளைக் கணக்கிட்டுத் தாள்களை வரிசைப்படுத்தலாம். இதற்கான கணிதத்தை உளவியலாளர் தர்ஸ்டன் 1927இல் தந்தார். இங்கிலாந்துப் பள்ளிகள் இன்று மென்பொருள் வழியாக இதைப் பெரிய அளவில் செய்கின்றன.

இது ஏன் நன்றாக வேலை செய்கிறது? ‘இந்தக் கதைக்குப் பத்துக்கு எத்தனை’ என்று கேட்டால் ஆளுக்கொரு அளவுகோல். ‘இரண்டில் எது மேல்’ என்று கேட்டால் கண்டிப்பான ஆசிரியரும் தாராளமான ஆசிரியரும் ஒரே பதிலைச் சொல்ல வாய்ப்பு அதிகம். நம் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால் பலர் முதல் தாளைத்தான் எடுப்பார்கள் என்பது நம் நம்பிக்கை. தனித்தனியாகப் பார்க்கும்போது கண்ணை இழுக்கும் பிழை, பக்கத்தில் உயிரில்லாத கதை இருக்கும்போது பின்னுக்குப் போகிறது.

செலவு அதிகம். ஒவ்வொரு தாளும் 20 ஒப்பீட்டில் வர வேண்டும் என்றால் 40 தாளுக்கு 400 ஒப்பீடு. ஒன்றுக்கு 40 நொடி வைத்தாலும் நாலரை மணி நேரம். ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 80 ஒப்பீடு, ஏறக்குறைய 55 நிமிடம். தனி ஆசிரியர் தன் வகுப்புக்கு மட்டும் இதைச் செய்வதில் பொருளில்லை.

மென்பொருள் இல்லாமலும் செய்யலாம். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவளமையக் கூட்டம் இதற்கு நல்ல இடம். ஆறு ஆசிரியர்கள், 24 தாள்கள். பெயர், பள்ளி தெரியாதபடி மறைத்து, நன்றாகக் கலைத்து 1 முதல் 24 வரை எண் இடுங்கள். ஒவ்வொரு தாளையும் அதிலிருந்து 1, 2, 5, 8, 11 எண் தள்ளி இருக்கும் தாள்களோடு ஒப்பிட வேண்டும். 24க்குப் பிறகு 1 வரும். இப்படிச் செய்தால் 120 இணைகள் கிடைக்கும். ஒவ்வொரு தாளும் 10 முறை வரும். ஆளுக்கு 20 இணை. எல்லோருக்கும் ஒரு நகல் கட்டு என்றால் 144 பக்கம், இருவருக்கு ஒன்று என்றால் 72. வெற்றி எண்ணிக்கை 0 முதல் 10 வரை வரும். ஒரு மணி நேரத்தில் முடியும்.

இங்கே தவறு நடப்பது இரண்டு வழியில். ஒன்று, கையெழுத்து; அழகான எழுத்து ஒப்பீட்டிலும் வெல்லும். இரண்டு, நீளம், ஒரு பக்கத் தாளோடு மூன்று பக்கத் தாளை வைத்தால் நீளமானது பெரும்பாலும் ஜெயிக்கிறது, அதனால் முன்பே ஒரு பக்க வரம்பு வைத்துவிடுங்கள். இந்த முறையின் பெரிய குறை வேறு: 17ஆம் தாள் 9ஆம் தாளைவிட மேல் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. பிள்ளையிடம் கொண்டுபோக அதில் ஒன்றும் இல்லை.

முறை 4: எண்ணி அளப்பது

கதைத் தொடக்கம் ஒன்றைக் கொடுத்து 1 நிமிடம் யோசிக்கவும் 3 நிமிடம் எழுதவும் விட்டு, எழுதிய சொற்களையும் சரியாக எழுதிய சொற்களையும் எண்ணுவது. அமெரிக்காவில் டெனோ என்பவரின் குழு 1980களில் இதை வளர்த்தது. எழுதவே திணறும் பிள்ளைகளின் முன்னேற்றத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்க அது உதவுகிறது.

தமிழில் சொல் எண்ணிக்கை ஏமாற்றும். ‘ஓடிக்கொண்டிருந்தான்’ ஒரு சொல். அதையே பிரித்து ‘ஓடிக் கொண்டு இருந்தான்’ என்று எழுதினால் மூன்று. சேர்த்து எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் குறைவாக வரும். அதனால் ஒரு பிள்ளையின் எண்ணை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல் அதே பிள்ளையின் சென்ற மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். சொல்லுக்குப் பதில் நிகழ்வுகளை எண்ணுவது இன்னும் நல்லது. நம் இரண்டு தாள்களில் முதலாவதில் 27 சொல், இரண்டாவதில் 32. கதை இருக்கிறதா என்பதை இந்த முறை கேட்பதே இல்லை.

மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இதோடு ஒரு சோதனையைச் சேர்த்துச் செய்யலாம். அதே கதையை முதலில் வாயால் சொல்லச் சொல்லி நிகழ்வுகளை எண்ணுங்கள், பிறகு எழுதச் சொல்லி எண்ணுங்கள். வாயால் ஏழு, எழுத்தில் இரண்டு என்றால் பிள்ளையிடம் கதை இருக்கிறது. தடை கையிலும் எழுத்திலும். வாயாலும் இரண்டுதான் என்றால் எழுத்துப் பயிற்சியைக் கூட்டிப் பயனில்லை, கதை கேட்கவும் சொல்லவும் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் இந்தத் தகவலை வேறு எந்த முறையும் தராது.

முறை 5: தொகுப்பேடு

ஆண்டு முழுவதும் எழுதியவற்றில் நான்கைந்து கதைகளை, முதல் வரைவும் திருத்திய வரைவுமாகச் சேர்த்து வைப்பது. வளர்ச்சி கண்ணெதிரே தெரியும், பெற்றோருக்குக் காட்ட இதைவிட நல்லது இல்லை. மதிப்பெண் போட மட்டும் இது உதவாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் நான்கு, எட்டாம் வகுப்புகளில் மாநில அளவில் தொகுப்பேட்டை மதிப்பிட்டபோது, மதிப்பிடுவோருக்கு இடையிலான ஒப்புமை மிகக் குறைவாக இருந்ததை ரேண்ட் நிறுவனத்தின் ஆய்வு காட்டியது. ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு பணியைச் சேர்க்கும்போது எதை எதோடு ஒப்பிடுவது? வீட்டில் எழுதி வந்தால் யார் கை பட்டது என்பதும் தெரியாது. வகுப்பில் எழுதியதை மட்டும் சேருங்கள், மதிப்பெண்ணைத் தவிருங்கள்.

கணினியிடம் திருத்தக் கொடுக்கலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். எல்லிஸ் பேஜ் 1966இலேயே ஆங்கிலக் கட்டுரைகளுக்கு இதைத் தொடங்கினார். நீளம், காற்புள்ளி போன்ற புறக்கூறுகளே அவருடைய நிரலுக்கு அடிப்படை. இன்றைய கருவிகள் வெகுதூரம் வந்துவிட்டன. இருந்தாலும், முதல் தாளைப் போன்ற பேச்சு வழக்குக் கதைகள் 20ஐ உங்கள் அட்டவணையில் நீங்களே மதிப்பிட்டு, கருவியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் அதனிடம் விடக் கூடாது. பிள்ளையின் பெயரோடு தாளைப் பதிவேற்றவும் கூடாது.

எதை எங்கே வைப்பது

தமிழ்நாட்டில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் 2012–13இல் வந்தபோது வளரறிக்கு (பருவத்தின் நடுவே வகுப்பில் செய்யும் மதிப்பீடு) 40, தொகுத்தறிக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று பிரித்தார்கள். கதை எழுத்து வாழ வேண்டிய இடம் அந்த வளரறிப் பகுதிதான். ஒரு கதையை வைத்துப் பிள்ளையின் திறனைத் தீர்மானிக்க முடியாது. பேருந்துக் கதையில் தடுமாறுபவள் ஆட்டுக்குட்டி தொலைந்த கதையில் பறப்பாள். பருவத்துக்கு மூன்று கதை குறைந்த அளவு. மூன்றுக்கும் முழு அட்டவணை வேண்டாம். முதலாவதில் கதைக்கட்டு மட்டும், இரண்டாவதில் நடையும் மாந்தரும், மூன்றாவதில் நான்கும் என்று போட்டால் ஆசிரியர் தாங்குவார். இந்தத் தடவை எதைப் பார்க்கப்போகிறோம் என்று பிள்ளைகளுக்கும் எழுதும்முன் சொல்லிவிடலாம்.

இணை ஒப்பீட்டை ஆண்டுக்கு ஒரு முறை, குறுவள மையத்திலோ பள்ளியின் தமிழாசிரியர்கள் ஒன்றுகூடியோ செய்யுங்கள். அதில் 1, 5, 9 வெற்றி பெற்ற தாள்களை எடுத்தால் கூறுவாரி அட்டவணைக்கான மாதிரித் தாள்கள் கிடைத்துவிடும். இரண்டு முறைகளும் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்ப்பது இங்கேதான்: ஒப்பீடு தரத்தை நிலைநிறுத்துகிறது, அட்டவணை காரணத்தைச் சொல்கிறது. ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால் கூறுவாரி முறையை எடுங்கள். எண்ணி அளப்பது எழுதத் திணறும் சிலருக்கு மட்டும்.

அட்டவணையைக் கையில் எடுத்த பிறகும் மூன்று இடத்தில் கை நழுவும். கையெழுத்தையோ பெயரையோ பார்த்ததும் எல்லாக் கூறுக்கும் ஒரே எண் விழுவது முதலாவது: பெயரை மடித்து வைத்து, 40 தாளுக்கும் கதைக்கட்டை மட்டும் முதலில் முடித்துவிட்டு, தாள்களைக் கலைத்து அடுத்த கூறுக்குப் போனால் இது பெருமளவு குறையும். எழுத்துமுறையைக் கடைசியில் போடுங்கள், அதுவரை சிவப்புப் பேனாவைத் திறக்க வேண்டாம். அடுத்தது, மிக நல்ல தாளுக்குப் பின் வரும் நடுத்தரத் தாள் மட்டமாகத் தெரிவது. மாதிரித் தாளைப் பத்துத் தாளுக்கு ஒரு முறை மறுபடி படித்தால் கை நிலைக்கு வரும். மூன்றாவது, எல்லோருக்கும் நடுவில் ஓர் எண் போட்டுப் பாதுகாப்பாக இருப்பது. கதைக்கட்டில் யாருக்கும் 1ம் இல்லை 6ம் இல்லை என்றால் படிகளை மறுபடி வாசித்துத் தொடங்க வேண்டியதுதான்.

பருவ இறுதியில் 40இல் எட்டுத் தாள்களை வேறோர் ஆசிரியர், முதல் எண்களைப் பார்க்காமல், மதிப்பிடட்டும். மொத்தத்தில் 2 வரை வேறுபாடு இருந்தால் விட்டுவிடலாம். எட்டில் மூன்று தாளுக்கு 3ம் அதற்கு மேலும் வேறுபட்டால் சராசரி எடுத்து மூடிவிடாமல், எந்தக் கூறில் பிரிந்தோம் என்று பாருங்கள். அது பெரும்பாலும் நடையாக இருக்கும். அந்தக் கூறின் படிகளை இருவரும் உட்கார்ந்து திருத்தி எழுதி, மீதி 32 தாளுக்கும் அந்த ஒரு கூறை மட்டும் மறுபடி போட வேண்டும். தாளுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும்.